பிள்ளையாரின் வலது கண்

பூதலிங்கத்துக்குப் பயம். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லாவற்றுக்கும்தான்.

முப்பத்தொரு வருஷம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். கேட்டைப் பூட்டுவார். பூட்டை இழுத்துப் பார்ப்பார். நாலடி நடப்பார், திரும்பி வந்து மறுபடி இழுப்பார். அத்தனை வருஷத்தில் அவர் கேட்டில் ஒரு கோழிகூட அடிபடவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பூட்டுவதற்குக் கேட் இல்லை, பயம் மட்டும் கூடவே வந்துவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்திருந்தாள். மகன் அசாமில். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று நாளைக்கு இருபது தடவை எழுந்து பார்த்தார். ஒருநாள் அலுத்துப்போய், பையைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓட்டுக் கட்டடம் ஒன்று, கிணறு ஒன்று, காலையில் பதிகம் பாட ஆறேழு பேர். நடத்துகிறவள் உலகம்மை. நாற்பத்தாறு வயது, பூதலிங்கத்தைவிடப் பதினைந்து வயது சின்னவள். எல்லோரும் அம்மை என்பார்கள். அவரும் அம்மை என்றார்.

வந்த அன்றே கேட்டுவிட்டார்.

"அம்மை, இந்தப் பயம் எப்போ போகும்?"

அவள் வேலியைக் காட்டினாள்.

வேலி முழுக்கக் குன்றிக்கொடி. நெற்று வெடித்து உள்ளே சிவப்புச் சிவப்பாய் மணி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கறுப்புப் பொட்டு. பார்க்க அழகுதான். ஆனால் மடத்தில் அதை விட்டுவைத்திருந்தது அழகுக்காக இல்லை. இலை தொண்டைக்கு ஆகும். இரண்டு கொத்து மென்றால் இனிக்கும், கட்டின குரல் இளகும். மணி பிள்ளையாருக்குக் கண்ணாகும். ஆவணி சதுர்த்திக்குச் சுற்றுவட்டாரத்தில் இருபத்தொரு வீட்டுக்குக் களிமண் பிள்ளையார் மடத்திலிருந்துதான் போகும். அது பழைய ஏற்பாடு.

"மணியைப் பறியும்" என்றாள் அம்மை.

"விஷம்னு சொல்லுவாங்களே."

"விஷம்தான். ஓடு உடையாத வரைக்கும் ஒண்ணும் செய்யாது. உடைஞ்சா எமன். கையில எடும்."

பூதலிங்கம் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பறித்தார். பதிகம் பாடும் கைலாசம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைலாசத்துக்கு நல்ல குரல், கெட்ட வாய்.

"வே, அது மணி. பாம்பு முட்டையில்ல" என்றார்.

அன்று தொடங்கியது. பிள்ளையாருக்குக் கண் வைக்கிற வேலை பூதலிங்கத்தின் தலையில் விழுந்தது.

முதல் வருஷம் அம்மை காட்டிக்கொடுத்தபடி ஈரமண்ணில் மணியை அழுத்தி வைத்தார். மண் காய்ந்தது. காய்ந்தால் மண் சுருங்கும், மணி சுருங்காது. ஏழு பிள்ளையாருக்குக் கண் கழன்று விழுந்தது. நல்ல நாளும் அதுவுமாக ஒரு வீட்டில் பூசை நடக்கும்போதே விழுந்ததாம். அடுத்த மாதம் அந்த வீட்டுப் பசு செத்தது. வீட்டுக்காரி மடத்து வாசலில் வந்து நின்று, கண்ணில்லாத சாமியைக் கொடுத்தீர்களே என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அம்மை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிழட்டுப் பசு, சாகும் காலம், செத்தது. பூதலிங்கத்தால் அப்படி விட முடியவில்லை. வருஷம் பூராவும் அந்தக் கண் அவருக்குள்ளே விழுந்துகொண்டே இருந்தது.

இரண்டாம் வருஷம் யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலை செய்தார். கிணற்றடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். கோணி ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, ஒவ்வொரு மணியிலும் பின்பக்கம் பாதிவரை துளை போட்டார். துளையில் தென்னை ஈர்க்குத் துண்டைச் செருகி, ஈர்க்கோடு மண்ணில் இறக்கினார். முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆணி அடித்த மாதிரி நின்றது.

விஷம் என்று தெரியாமல் செய்யவில்லை. மூக்கில் துணி கட்டிக்கொண்டார். விழுந்த தூளைக் கூட்டிக் குழி தோண்டிப் புதைத்தார். ஊசியையும் புதைத்தார். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். எல்லாப் பக்கமும் யோசித்தவர், ஒரு பக்கத்தை மட்டும் யோசிக்கவில்லை. பிள்ளையார் கண்ணை யார் பிடுங்கித் தின்னப்போகிறார்கள்?

சதுர்த்திக்கு முந்தின நாள். இருபத்தொரு பிள்ளையாரும் காய்ந்து, தாழ்வாரத்துப் பலகையில் வரிசையாக இருந்தார்கள். அம்மை வந்து பார்த்தாள். ஒரு பிள்ளையாரின் கண்ணை விரலால் நெருடினாள். அசையவில்லை.

"இந்த வருஷம் நல்லா நிக்கி" என்றாள்.

பூதலிங்கம் தலையை ஆட்டினார். எப்படி நிக்கி என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பால் ஊற்ற வரும் பேச்சித்தாய் காலை எட்டு மணிக்கு வந்தாள். கூட மகள் கோமு. நாலு வயது. பேச்சித்தாய் உள்ளே பாலை அளந்துகொண்டிருந்தாள், பிள்ளை தாழ்வாரத்தில் பிள்ளையாரோடு பேசிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் கடைசிப் பிள்ளையாருக்கு வலது கண் இல்லை. கண் இருந்த இடத்தில் ஒரு குழி. கோமு வாயை மூடிக்கொண்டு நின்றது.

வாயைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தது. வாயில் ஒன்றும் இல்லை.

"கண்ணு எங்கட்டீ?"

"முழுங்கிட்டேன்."

பேச்சித்தாய் பால் பாத்திரத்தைப் போட்டாள். பிள்ளையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினாள். பிள்ளை அழுததே தவிர ஒன்றும் வெளியே வரவில்லை. சத்தம் கேட்டு அம்மை வந்தாள், பின்னாலேயே கைலாசம் வந்தார். பூதலிங்கம் கிணற்றடியிலிருந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மை நிதானமாக விசாரித்தாள். எத்தனை முழுங்கினாய்? ஒன்று. கடித்து உடைத்தாயா? பிள்ளை இல்லை என்று தலையாட்டியது. கடித்துப் பார்த்ததாம், கல்லு மாதிரி இருந்ததாம், முழுங்கிவிட்டதாம்.

"பயப்படாத" என்றாள் அம்மை. "குன்றி முழுசாப் போனா முழுசா வரும். நாளைக்கோ மறுநாளோ வெளிய வந்திரும். நானே சின்னப் பிள்ளையில முழுங்கியிருக்கேன். வாழைப்பழம் குடு."

அவள் சொன்னால் சொன்னதுதான் அந்தப் பக்கத்தில். பேச்சித்தாய்க்கு மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சாமி கண்ணையே முழுங்கின பிள்ளை, இனி இதை ஒருத்தனும் ஏமாற்ற முடியாது என்று கைலாசம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளையும் சிரித்தது.

பூதலிங்கம் சிரிக்கவில்லை.

சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? விஷத்தில் ஓட்டை போட்டுச் சாமிக்கு வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அம்மை இல்லை என்று சொன்னதை ஆமாம் என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை ஈர்க்கு துளையை அடைத்துக்கொண்டிருக்கும். ஒருவேளை ஈர்க்கு மண்ணிலேயே நின்றிருக்கும். பலகைக்குப் போனார், குழியை எட்டிப் பார்த்தார். குழியில் ஈர்க்கு இல்லை. மணியோடு போயிருக்கிறது. அப்படியானால் அடைத்துக்கொண்டிருக்கும். நனைந்தால் ஈர்க்கு நெகிழுமா? நெகிழும். எவ்வளவு நேரத்தில்?

பேச்சித்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். வேலியைக் கடந்தாள். ஓடைப் பாலத்தை நோக்கிப் போனாள். பாலம் தாண்டினால் பாதை திரும்பும், ஆள் மறைந்துவிடுவாள்.

பூதலிங்கம் அவள் முதுகையே பார்த்தார். பிள்ளை தோளுக்கு மேலே தலையை நீட்டி அவருக்குக் கையாட்டியது.

அவர் ஓடினார். அறுபது தாண்டின வயதில் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. செருப்பு ஒன்று கழன்று போயிற்று. பாலத்தில் அவளைப் பிடித்து நிறுத்தினார். பின்னால் அம்மையும் கைலாசமும் என்னவோ ஏதோ என்று வந்துவிட்டார்கள்.

"அம்மை சொன்னது இதுக்குச் செல்லாது" என்றார். குரல் பாதி காற்றாகத்தான் வந்தது. "அந்த மணி முழுசு இல்ல. பின்னால ஓட்டை போட்டிருக்கேன். கண்ணு விழுந்திரக்கூடாதுன்னு."

கைலாசம் அம்மையைப் பார்த்தார்.

பேச்சித்தாய்தான் கேட்டாள். கத்தவில்லை. "மண்ணுக் கண்ணு விழுந்திரும்னா, அண்ணாச்சி, எம்பிள்ளைக்கு விஷம் வச்சீரு?"

அவர் பிள்ளையின் வயிற்றையே பார்த்தார்.

அம்மை பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். வாழைத்தார் ஏற்றி வந்த வேனை நடுரோட்டில் நின்று மறித்தாள். தாரோடு தாராக ஏறி உட்கார்ந்து நாலு பேரும் டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். வழி நெடுக பூதலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் சின்னப் பெண். எப்போது முழுங்கியது என்று கேட்டாள். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பூதலிங்கத்துக்குத் தெரிந்தது. எட்டு ஐந்துக்கு, கூடினால் எட்டு பத்துக்கு. துளை எவ்வளவு ஆழம்? பாதி மணி. என்ன வைத்து அடைத்தது? ஈர்க்கு. எந்தப் பக்கம்? ஒவ்வொன்றாகச் சொன்னார், தப்பில்லாமல் சொன்னார். நான் எட்டு நிமிஷம் சொல்லாமல் நின்றேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். எழுதவில்லை.

உள்ளே கொண்டுபோய் வயிற்றைக் கழுவினார்கள். அரை மணி கழித்து ஒரு தட்டில் மணி வந்தது. சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தது. பின்பக்கம் ஈர்க்கு நெகிழ்ந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மணி வந்துவிட்டதே, இனி ஒன்றுமில்லையே என்று பேச்சித்தாய் கேட்டாள். அப்படிச் சொல்ல முடியாது என்றாள் டாக்டர். எவ்வளவு கசிந்திருக்கிறது என்று தெரியாது. இதற்கு மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. மூன்று நாள், நாலு நாள் கழித்துக்கூடக் காட்டும். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

சதுர்த்தி வந்தது, போயிற்று. இருபத்தொரு வீட்டுக்கும் இந்த வருஷம் மடத்துப் பிள்ளையார் போகவில்லை. அம்மை சொல்லிவிட்ட இடத்தில், மலைச் சுனைக்கு அப்பால் ஆள்காலடி படாத பள்ளத்தில், கண்ணெல்லாம் பிடுங்கி ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தார் கைலாசம். ஆஸ்பத்திரிக்கு வரும்போது சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கி வந்தார். பூதலிங்கம் தொடவில்லை. ஆஸ்பத்திரி வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே போகப் பேச்சித்தாய் விடவில்லை.

"சரியான எடத்துலதான் உக்காந்திருக்கீரு" என்றார் கைலாசம். "கேட்டைப் பூட்டிரும். எமன் வந்தா சிவப்புக்கொடி காட்டும்."

பூதலிங்கம் நிமிரவில்லை. கைலாசத்துக்கே தன் வாய் பிடிக்காமல் போயிற்று. பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டாம் நாள் பிள்ளைக்கு வயிற்றால் போயிற்று. கொஞ்சம் ரத்தம். ஊசி, குளுகோஸ் என்று நர்ஸுகள் ஓடினார்கள். ஜன்னல் வழியாகப் பூதலிங்கம் பார்த்தார். அம்மை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். நாலடி நடந்தாள். திரும்பி வந்து மறுபடி வைத்தாள். நர்ஸிடம் என்னவோ கேட்டாள். நர்ஸ் பதில் சொன்னாள். இன்னொரு தடவை கேட்டாள். நர்ஸ் சலித்துக்கொண்டாள்.

இப்படி அவளை அவர் பார்த்ததில்லை. மடத்தில் இடி விழுந்து ஓடு பறந்தபோது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பதிகத்தை முடித்துவிட்டு எழுந்தவள் அவள்.

மூன்றாம் நாள் ரத்தம் நின்றது. நாலாம் நாள் கோமு கஞ்சி குடித்தது. ஐந்தாம் நாள் பிஸ்கட் கேட்டது, கிடைக்கவில்லை, கட்டிலில் உருண்டு அழுதது. அழுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. பூதலிங்கம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஆறாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பேச்சித்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் எழுந்து ஒதுங்கி நின்றார். அவள் கொஞ்சநேரம் அவரைப் பார்த்தாள். வாய் நிறையத் திட்டு வைத்திருந்தாள் போல. திட்டவில்லை.

"ஒரு செருப்போட நிக்கீரு, ஆறு நாளா" என்றாள். "வேற வாங்கிப் போடும்." சொல்லிவிட்டு நடந்தாள்.

மடத்துக்குத் திரும்பின மறுநாள் காலை, பாட்டு முடிந்ததும் பூதலிங்கம் அரிவாளை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனார். குன்றிக்கொடியின் தூரைத் தேடினார். மணிக்கட்டுப் பருமன் இருந்தது. எத்தனை வருஷத்துக் கொடியோ. அரிவாளை ஓங்கும்போது அம்மை வந்தாள்.

வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை.

"இலையைப் பறிச்சிட்டு வெட்டும்" என்றாள். "கைலாசத்துக்குத் தொண்டை கட்டியிருக்கு."

அரிவாளைக் கீழே வைத்துவிட்டு இலை பறித்தார். இந்தத் தடவை கையில் துண்டு சுற்றவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். ஒரு கொத்தை வாங்கி அவரிடமே நீட்டினாள்.

"உமக்கும் குரல் போயிட்டு. மெல்லும்."

மென்றார். முதலில் பச்சை வாடை. அப்புறம் மெல்ல இனித்தது. இரண்டு வருஷமாக வேலியில் இருக்கிற இலை, இன்றைக்குத்தான் வாயில் போட்டிருக்கிறார்.

"அம்மை."

"சொல்லும்."

"வந்த அன்னிக்கு ஒண்ணு கேட்டேன்."

"கேட்டீரு."

"பதில் சொல்லலை."

அவள் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பாலத்தில் பேச்சித்தாய் பால் தூக்குடன் வந்துகொண்டிருந்தாள். கூட கோமு. இன்றைக்குப் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மணியில ஓட்டை போட்டீரே, அது எது?" என்று கேட்டாள் அம்மை.

"பயம்தான்."

"பாலத்துக்கு ஓடினீரே?"

பூதலிங்கம் யோசித்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"அதுவும் பயம்தான் அம்மை. அதைவிடப் பெரிசு."

அவள் குனிந்து அரிவாளை எடுத்தாள். வெட்டவில்லை, அவர் கையிலும் கொடுக்கவில்லை. விரலால் அதன் முனையை நெருடிக்கொண்டே நின்றாள்.

"உமக்கு எப்போ போகும்னு எனக்குத் தெரியாது" என்றாள். "எனக்குப் போயிப் பத்து வருஷமாச்சு. அதனாலதான் அன்னிக்கு, மணியில ஓட்டை இருக்கான்னு நான் கேக்கலை."